கட்டுரைகளை எண்ணாதீர்கள், படியுங்கள்!

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த சம்பு நாத் டே, 1959-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டாசிரியர் யாரும் இல்லை. அவர் பெயர் மட்டும்தான். காலரா கிருமியை 1884-ல் இதே கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோக், அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அப்போதே ஊகித்திருந்தார். முக்கால் நூற்றாண்டு ஆகியும் அந்த நஞ்சை யாராலும் கண்ணில் காட்ட முடியவில்லை. டே செய்த சோதனை எளிமையானது. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டினார். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத தெளிவை மட்டும் அந்தக் கட்டுக்குள் ஊசியால் ஏற்றினார். குடல் நீர் கோத்துப் புடைத்தது. நோயாளியின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சி வெளியே தள்ளுவது கிருமி கக்கும் நஞ்சுதான், அந்த வேலை குடலுக்குள்ளேயே நடக்கிறது என்பது நிரூபணமாயிற்று.

காலராவைப் பற்றிய அறிவை இரண்டாகப் பிரித்தால், டேவுக்கு முன், டேவுக்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும். ஆனால், இன்றைய இந்தியாவில் அவர் ஓர் உதவிப் பேராசிரியராக இருந்து, இதே கட்டுரையைப் பதவி உயர்வுக் கோப்பில் இணைத்தால் கிடைக்கும் கணக்கு: ஒன்று. பட்டியலில் எப்படியோ இடம்பிடித்துவிட்ட ஓர் இதழில், கட்டணம் செலுத்தி, எழுதியவரைத் தவிர வேறு யாரும் படிக்காமல் அச்சேறிய கட்டுரைக்குக் கிடைக்கும் கணக்கும் அதே ஒன்றுதான். நெல்லும் பதரும் ஒரே மரக்காலில் அளக்கப்படுகின்றன.

நம்முடைய மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் சாதனையை அளக்க நாம் வைத்திருக்கும் முறை இதுதான். இது ஆராய்ச்சியையும் வளர்க்கவில்லை. நல்ல ஆசிரியரையும் அடையாளம் காட்டவில்லை. நேரமின்றித் தவிக்கும் ஒரு தலைமுறை மருத்துவர்களைக் காசு கொடுத்துக் கட்டுரை வாங்கும் நிலைக்குத் தள்ளியதுதான் கண்ட பலன்.

விதி சொல்வது என்ன?

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் இணைப் பேராசிரியராக உயர நான்கு ஆண்டு அனுபவமும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். அங்கிருந்து பேராசிரியராக மேலும் மூன்று ஆண்டும், மேலும் இரண்டு கட்டுரைகளும். கட்டுரை மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற குறிப்பிட்ட தரவுத்தளங்களில் பட்டியலிடப்பட்ட இதழில் வந்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ, தொடர்புக்குரிய ஆசிரியராகவோ இருக்க வேண்டும். மூல ஆய்வு, தொகுப்பாய்வு, நோயாளர் தொடர் ஆகியவை கணக்கில் சேரும். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை சேராது. பாடப்புத்தகம் சேராது.

விதியை வகுத்தவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கட்டுரை நிபந்தனையே இல்லாத காலத்தில் பதவி உயர்வுக்குப் பணிமூப்பும் செல்வாக்குமே போதுமானவையாக இருந்தன. கட்டுரை எண்ணிக்கை என்று வந்தபோது, குறைந்தது எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஒரு அளவாவது கிடைத்தது. நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி கிடந்த நிலையைப் பார்த்தால் ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. சமீரன் நந்தியும் அவருடைய சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2005 முதல் 2014 வரையிலான பத்து ஆண்டுகளில், 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332 நிறுவனங்கள் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25. நாட்டின் மொத்த மருத்துவக் கட்டுரைகளில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த 25 நிறுவனங்களிலிருந்தே வந்திருந்தது.

இந்தப் பாலைவனத்தில் ஒரே உத்தரவில் பயிர் விளைவிக்க நினைத்தது ஆணையம். ஆய்வகம் இல்லை, புள்ளியியலாளர் இல்லை, ஒதுக்கிய நேரம் இல்லை. கட்டுரை மட்டும் வேண்டும். தேவை எழுந்த இடத்தில் சந்தையும் முளைத்தது. 'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு' என்று தொடங்கி, சில நாள்களில் வெளியீடு, கட்டணத்தில் சலுகை என்று ஆசைகாட்டும் மின்னஞ்சல்கள் வராத மருத்துவ ஆசிரியரே இன்று இல்லை. எழுதியே கொடுத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். துறைத்தலைவர் பெயரைச் சேர்க்காமல் முதுநிலை மாணவரின் கட்டுரை நகராது என்பதும், இந்த முறை உன் பெயர் முதலில், அடுத்த முறை என் பெயர் என்ற ஒப்பந்தமும் யாருக்கும் ரகசியமில்லை.

நால்வருக்கு மட்டுமே கணக்கு

ஆசிரியர் வரிசையில் முதல் மூவர் என்ற நிபந்தனை பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். அதன் விளைவு பெரிது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழு ஒன்று 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ரோட்டா வைரஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை களப்பணியாளர் வீட்டுக்கே போவார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, எத்தனை முறை, காய்ச்சல் உண்டா என்று தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். மல மாதிரியை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார். மூன்று ஆண்டுகள் இந்த வேலை தடையில்லாமல் நடந்தது.

மெக்சிகோவில் அதற்கு முன் நடந்த ஆய்வில், இரண்டு முறை இயற்கையாகத் தொற்று வந்த குழந்தைக்குக் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு மறுபடி வருவதில்லை என்று கண்டிருந்தார்கள். வேலூர்க் குழந்தைகளுக்கு அப்படி இல்லை. மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு முழுமையாகவில்லை. வெளிநாட்டில் நன்றாக வேலை செய்யும் தடுப்பு மருந்து நம் குழந்தைகளிடம் ஏன் அதே அளவுக்குப் பலன் தராமல் போகலாம் என்பதற்கு இது முக்கியமான துப்பு. 2016-ல் இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து சேர்ந்ததற்குப் பின்னணியில் இப்படிப்பட்ட பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அந்த ஆய்வகத்தை நடத்திய ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை.

அந்தக் கட்டுரையில் பத்துப் பேருக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் உண்டு. இன்றைய பதவி உயர்வு விதிப்படி அவர்களில் நால்வருக்கு மட்டும்தான் கணக்கு: முதல் மூவரும், தொடர்புக்குரிய ஆசிரியரும். மற்றவர்கள் செய்த வேலை, அவர்களுடைய கோப்பைப் பொறுத்தவரை, நடக்கவே இல்லை. பல கல்லூரிகள் சேர்ந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்தால்தான் விடை கிடைக்கும் கேள்விகள் மருத்துவத்தில் ஏராளம். அதில் தன் பங்குக்கு இருநூறு நோயாளிகளின் தரவைத் தரும் சிறிய ஊர் ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை. அதைவிடத் தன் வார்டில் ஐம்பது பேரை வைத்து ஒரு சிறிய கட்டுரை எழுதி முதல் பெயராகப் போட்டுக்கொள்வது லாபம். நாட்டுக்குத் தேவை பெரிய கூட்டு ஆய்வு. விதி பரிசளிப்பது துண்டு துண்டான தனி ஆய்வுகளுக்கு.

மாணவருக்குக் கொடுத்த தலைப்பு

இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த 1980-களின் நடுப்பகுதி. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இங்கே எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் அடைக்கப்பட்டிருந்த மயிலாப்பூர் காப்பகத்துக்குப் போய் நிர்மலா இரத்த மாதிரிகள் சேகரித்தார். தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்தார். எலைசா பரிசோதனை செய்யும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகத்தில் பேராசிரியர் ஜேக்கப் ஜானிடம் ஏற்பாடு செய்தார் சுனிதி. 1986 பிப்ரவரியில், ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு கணவருடன் ரயிலில் காட்பாடிக்குப் போனார் நிர்மலா. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் உறுதியாயிற்று.

இதில் சுனிதி சாலமனின் சாதனையை எந்தப் பத்தியில் எழுதுவது? மாதிரி எடுத்தவர் மாணவி. சோதித்தவர்கள் வேலூர்க்காரர்கள். யாருக்கும் தோன்றாத, தோன்றினாலும் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியைக் கேட்டதும், அதை ஒரு மாணவியின் கையில் நம்பிக் கொடுத்ததும், வசதி இல்லை என்று விட்டுவிடாமல் வேறொரு கல்லூரியின் கதவைத் தட்டியதும்தான் பேராசிரியர் செய்தவை. ஆசிரியர் என்பவரின் முதன்மையான வேலையே இதுதான். பின்னர் அவர் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். 2017-ல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, பத்மஸ்ரீ வந்தது.

ஆண்டுதோறும் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகள் ஏராளம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் எவரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. நல்ல காரியம். அந்தத் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால், ஒரு துறையில் கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா, சீனியர் எழுதியதையே ஆண்டை மாற்றி எழுதவிடுகிறாரா என்பது விளங்கிவிடும். பதவி உயர்வுக் குழுக்கள் பார்க்க வேண்டிய முதல் ஆவணம் அது. பார்ப்பதில்லை.

பதினாறு ஆண்டு ஆய்வும் நான்கு ஆண்டு அவசரமும்

எய்ம்ஸ் பேராசிரியராகவும் பிறகு அதன் இயக்குநராகவும் இருந்த வி. ராமலிங்கஸ்வாமியின் குழு, 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அங்கே கழுத்துக்கழலை இல்லாத வீடு அபூர்வம். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றில் சாதாரண உப்பையும் விற்க ஏற்பாடு செய்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை குறைந்தது. மற்ற ஊர்களில் அப்படியே இருந்தது. பிறகு அந்த ஊர்களுக்கும் அயோடின் உப்பைக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். பதினாறு ஆண்டு முடிவுகளின் தொகுப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1973-ல் வெளியானது. இன்று நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் உப்புப் பொட்டலத்தின் மீதுள்ள 'அயோடின் கலந்தது' என்ற வரிக்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

நான்கு ஆண்டுக்குள் இரண்டு கட்டுரை என்ற கெடுவுக்குள் ஓடும் ஒரு உதவிப் பேராசிரியர் இப்படி ஓர் ஆய்வைத் தொடங்குவாரா? தொடங்கினால் அவருக்குப் பின் வேலைக்கு வந்தவர் அவருக்கு முன் பேராசிரியராகிவிடுவார். கிடைக்கும் வழி ஒன்றுதான்: ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வியை எடுத்து, கையில் இருக்கும் நோயாளிகளை வைத்து, சீக்கிரம் முடிப்பது. ஆய்வு என்ற பெயரில் அச்சாவதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

அச்சேறாத சாதனைகள்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியவர் பேராசிரியர் வி.எஸ். நடராஜன். முதுமை என்பதே ஒரு நோய், அதற்கு மருந்தில்லை என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தப் புறநோயாளிப் பிரிவு பின்னர் படுக்கை வசதி பெற்றது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது. ஒரு துறையை உண்டாக்குவது எத்தனை கட்டுரைக்குச் சமம்?

2008-ல் தமிழ்நாடு தொடங்கிய இறந்தவர் உறுப்புக் கொடைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூளைச்சாவை யார், எப்படி உறுதிசெய்வது, கிடைத்த உறுப்பு எந்த மருத்துவமனைக்கு எந்த வரிசையில் போவது, அரசு மருத்துவமனை நோயாளிக்குப் பங்கு எப்படிக் கிடைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் நடைமுறை வகுக்க வேண்டியிருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் இரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரான ஜெ. அமலோற்பவநாதன் அதன் ஒருங்கிணைப்பாளராக இருந்து நடத்தினார். இந்தியா முழுவதும் அந்த நடைமுறையைத்தான் முன்மாதிரியாகப் பார்த்தார்கள். நள்ளிரவில் இரு மருத்துவமனைகளுக்கு இடையே தொலைபேசியில் நடந்த அந்தப் பேச்சுவார்த்தைகளை எந்த இதழும் பட்டியலிடாது.

மகப்பேறு மரணத் தணிக்கையும் அப்படித்தான். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதம் நேர்ந்தது, இரத்தம் கிடைத்ததா, எப்போது மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள் என்று உட்கார்ந்து அலசும் வேலையில் மருத்துவக் கல்லூரிகளின் மகப்பேறியல், மயக்கவியல் ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்துக்குக் கிராமச் செவிலியர் முதல் பேராசிரியர் வரை பலர் காரணம். அதில் பேராசிரியரின் பங்கு அவருடைய கோப்பில் எங்கும் இல்லை.

பாடம் சொல்வதையும் பாடநூல் எழுதுவதையும்கூட நாம் சாதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938-ல் எழுதிய மகப்பேறியல் நூல், பின்னர் கிருஷ்ண மேனனின் பெயரும் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படிக்கும் நூலானது. அதற்கு முந்தைய நூற்றாண்டில், 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே பாடம் நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். இன்றைய விதிப்படி இருவரின் நூல்களுக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

ஓ.பி.யில் கரையும் நாள்

மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர் ஒருவரின் நாளைப் பாருங்கள். காலையில் முகப்பதிவு வருகை. வார்டில் சீஃபுடன் ரவுண்ட்ஸ். பிறகு ஓ.பி.; வரிசை வராந்தா தாண்டி நிற்கும். இடையில் காப்பீட்டுத் திட்ட அனுமதிக்கான தாள்களில் கையெழுத்து. பூச்சிமருந்து குடித்தவர் ஒருவர், காவல்துறைக்குத் தகவல், நீதிமன்ற சம்மன் ஒன்று. மதியம் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு வகுப்பு. மாலையில் பி.ஜி.க்களுக்குப் படுக்கையருகே பாடம். அந்த வாரம் அட்மிஷன் நாள் என்றால் இரவும் சேரும். ஆணையத்தின் ஆய்வு வரும் மாதமென்றால் வேறு கல்லூரிக்கு மாற்றுப்பணி உத்தரவும் வரலாம்.

இதே இடத்தில்தான் ஆய்வுக்கான கேள்விகளும் பிறக்கின்றன. விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒரு விவசாயத் தொழிலாளியைக் கொண்டுவருவார்கள். உடம்பில் வீக்கம் இல்லை, கடிவாயும் தெரியவில்லை. சற்று நேரத்தில் கண் இமை சரியத் தொடங்கும். இரவு தரையில் படுத்திருந்தாரா என்று கேட்கத் தெரிந்த மருத்துவர்தான் கட்டுவிரியன் கடி என்று பிடிப்பார். நஞ்சுமுறி மருந்து எத்தனை குப்பி ஏற்றினோம், சுவாசக் கருவி எத்தனை நாள் தேவைப்பட்டது, எந்த வட்டாரத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று அந்த வார்டின் பதிவேடுகளில் இருப்பதை ஒழுங்காகத் தொகுத்தால், அது உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத அறிவு. அந்த வேலைக்கு ஒரு தரவு உதவியாளர் வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஓ.பி.யிலிருந்து விடுப்பு வேண்டும். இரண்டும் கிடையாது. தனி நோயாளியைப் பற்றி எழுதி அனுப்பினாலோ, அது கணக்கில் வராது.

நாட்டில் 2014-ல் 387-ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் பத்தே ஆண்டில் 780-ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கட்டடம் கட்டிய வேகத்தில் ஆசிரியரை உருவாக்க முடியவில்லை. 2025-ல் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் நடந்த முறைகேடுகள் பற்றி சிபிஐ வழக்குப் பதிந்தபோது, இல்லாத ஆசிரியரை இருப்பதாகக் காட்டியது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே ஆண்டு ஆணையம் விதியைத் தளர்த்தி, 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் பத்தாண்டு பணியாற்றிய நிபுணர், இணைப் பேராசிரியராகலாம் என்றது. பற்றாக்குறையால் வந்த தளர்வு என்றாலும், நோயாளிகளுடன் கழித்த ஆண்டுகளும் ஒரு தகுதிதான் என்று ஆணையமே ஒப்புக்கொண்டது இதில் நல்ல அம்சம். புதிதாக வருபவருக்குப் பொருந்தும் நியாயம், இருபது ஆண்டாகக் கல்லூரியிலேயே இருப்பவருக்கும் பொருந்த வேண்டாமா?

குழு தவறினால்?

எண்ணிக்கையை விட்டுவிட்டு ஆட்களிடம் மதிப்பீட்டைக் கொடுத்தால் சிபாரிசு நுழையும் என்பார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் குழுவால் 1978 அக்டோபர் 3-ல் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கருவை உறையவைத்து, பிறகு கருப்பைக்குள் வைக்கும் அவருடைய முறை பிற்காலத்தில் உலகெங்கும் வழக்கமானது. ஆனால், மாநில அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. அந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் அந்தக் குழுவில் இல்லை. கடைசியில் சம்பந்தமே இல்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு அவரை மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதிகாரபூர்வமாக முதல் குழந்தையை உருவாக்கியவர் என்று கருதப்பட்ட விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று 1997-ல் எழுதினார்.

சம்பு நாத் டேவுக்கும் உள்ளூரில் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக்கவில்லை. நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்திருந்தார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். 1985-ல் அவர் இறந்து, 1990-ல்தான் 'கரன்ட் சயின்ஸ்' அவருக்கென ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது.

இரண்டு நிகழ்வுகளிலும் தவறு எங்கே நேர்ந்தது? முகோபாத்யாயின் வேலையைத் தெரியாதவர்கள் மதிப்பிட்டார்கள். டேவின் வேலையைத் தெரிந்தவர்கள் படிக்கவில்லை. ஆனந்தகுமார் செய்தது ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்து படித்தார். படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு படிக்கவைப்பதுதான் இதற்கு மருந்து. படிப்பதையே கைவிட்டுவிட்டு எண்ணத் தொடங்கினால், டேக்களும் தெரியமாட்டார்கள், போலிகளும் தெரியமாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர் தன் பணிக்காலத்தின் மிகச் சிறந்த இரண்டு அல்லது மூன்று பங்களிப்புகளை மட்டும் கொடுக்கட்டும். அது ஆய்வுக் கட்டுரையாக இருக்கலாம். தன் துறை மாற்றியமைத்த சிகிச்சை நடைமுறை, பாடநூல், புதிதாகத் தொடங்கிய பிரிவு, தணிக்கை அறிக்கை எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாலும் என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அதே துறையைச் சேர்ந்த, வேறு மாநிலத்து நிபுணர்கள் மூவர், விண்ணப்பித்தவர் பெயர் தெரியாமல் படித்துக் கருத்து எழுதட்டும். அந்தக் கருத்தை விண்ணப்பித்தவருக்குக் காட்ட வேண்டும். சிபாரிசுக்கு அஞ்சினால் அதற்கு வேலி வெளிப்படைத்தன்மைதான்.

இரண்டாவதாக, முதல் மூவர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, யார் என்ன செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பைப் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலான நல்ல இதழ்கள் அதைக் கட்டுரையிலேயே அச்சிடுகின்றன.

மூன்றாவதாக, கற்பித்தலுக்குத் தனி மதிப்பு வேண்டும். படித்து முடித்துச் சில ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றிய பழைய மாணவர்களிடம், அவசர நேரத்தில் கைகொடுத்த பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் பெயர்கள் தானாக வரும்.

நான்காவதாக, கட்டுரை கேட்கும் அரசு அதற்கான நேரத்தையும் கொடுக்க வேண்டும். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2019 முதல் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சியை நாடெங்கும் மருத்துவ ஆசிரியர்கள் படித்திருக்கிறார்கள். ஆய்வு எப்படிச் செய்வது என்று தெரிந்துவிட்டது, செய்யத்தான் பொழுதில்லை. ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு புள்ளியியலாளர், சில தரவு உதவியாளர்கள், ஆராய்ச்சியில் இறங்கும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாள்: இதற்கு ஆகும் செலவு ஒரு புதிய ஸ்கேன் கருவியின் விலையைத் தாண்டாது.

கடைசியாக, எல்லா மருத்துவ ஆசிரியரும் ஆய்வாளராக வேண்டிய அவசியமில்லை. சிலர் சிகிச்சையில் கெட்டிக்காரர்கள், சிலர் பாடம் நடத்துவதில், சிலர் ஆய்வில். மூன்று வழியிலும் ஒருவர் பேராசிரியராக முடிய வேண்டும். மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று நிர்ப்பந்தித்தால், மூன்றையும் செய்ததாகக் காட்டிக்கொள்ளும் தாள்கள்தான் மிஞ்சும்.

இவை எல்லாவற்றையும் தேசிய மருத்துவ ஆணையம் நாளையே செய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. மாநில அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன. விருதுகளையும் துறைத்தலைவர் பொறுப்புகளையும் தீர்மானிக்கும்போது கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்காமல், அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு தொடங்கி வைக்கலாம். இதற்கு நாடாளுமன்றச் சட்டத் திருத்தமோ, நிதி ஒதுக்கீடோ வேண்டாம். படிக்கத் தெரிந்த மூன்று பேரும் அவர்களுக்கு ஒரு வார அவகாசமும் போதும்.